ஒரு லோடுக்கு ஒரு துண்டு

மாமாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய மூச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். பதினோரு வருஷமாகக் காலையில் வேலைக்கு வந்ததும் நான் முதலில் கேட்பது அதைத்தான். டவர் கிரேனின் ஏணியில் இருநூற்றுப் பத்துப் படி ஏறி, மேலே இருக்கிற கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, வாக்கி டாக்கியின் பட்டனை அமுக்குவார். பேச்சு வராது. ஹா, ஹா என்று மூச்சு மட்டும் வரும். நான் கீழே நின்றுகொண்டு, "இருங்க மாமா, ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "ரெடி" என்பார். அப்புறம்தான் எங்கள் சைட்டில் வேலை ஆரம்பிக்கும்.

மாமா என்றால் என் அக்கா புருஷன். பத்தொன்பது வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறார். சைட்டில் அவரை எல்லோரும் 'மேல்மாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவருடைய மச்சினி. கீழே நின்று, கொக்கியில் என்ன மாட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்கிற வேலை எனக்கு. அவருக்கு மேலேயிருந்து எல்லாம் தெரியும், ஆனால் காலடியில் இருப்பது தெரியாது. அதற்கு நான். என் குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் 'விசிலு'. அக்கா வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம், கேட்டவர்கள் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் அந்த மூச்சு வாங்கல் அரை நிமிஷம் இருக்கும். பிறகு இரண்டு நிமிஷம் ஆயிற்று. போன வருஷம் நான்கு நிமிஷம். "மாமா, டாக்டரைப் பாருங்க" என்று நானும் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியாயிற்று. "இருநூறு படி ஏறினா யாருக்குத்தான் மூச்சு வாங்காது? உன்னை ஏறச் சொன்னா தெரியும்" என்பார். அக்கா சொன்னால், "இன்னும் ஒரு கரண்டி போடு" என்பார். அவ்வளவுதான் அவர் கேட்கிற லட்சணம்.

ஒருநாள் காலையில் ஆறு நிமிஷம் ஆகியும் பேச்சு வரவில்லை. கான்கிரீட் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். நான் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஆறரை நிமிஷத்தில், "ரெடி" என்று ஒரு குரல் வந்தது. அது அவர் குரலாகவே இல்லை. 

அன்று மத்தியானம் ஸ்டோருக்குப் பின்னால் சேஃப்டி ஆபீசரைப் பிடித்தேன். என் வாக்கி டாக்கி தோள்பட்டை வாரில் மாட்டியிருந்தது. அது ஒரு ஓட்டைப் பொருள், அமுக்கினால் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மாற்றித் தாருங்கள் என்று எத்தனை தடவை கேட்டும் யாருக்கும் காதில் விழவில்லை. சரி, அது வேறு கதை.

"சார், ஒரு சந்தேகம். மேல ஆபரேட்டருக்கு ஏதாவது ஆச்சுன்னா எப்படி இறக்குவீங்க?" என்று கேட்டேன்.

"பெல்ட்டுல கட்டி கயிறு வழியா இறக்குவோம். ஏன்?"

"அந்த பெல்ட் எவ்வளவு கிலோ தாங்கும்?"

அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். "நூறு கிலோ."

"எங்க மாமா அதுக்கு மேல இருப்பாரு சார். ஏறினதும் பேச்சே வரல. பயமா இருக்கு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"உன் பேரு வெளிய வராதும்மா" என்றார் அவர்.

பேர் வெளியே வரவில்லை. ஆனால் அடுத்த வாரமே எல்லா ஆபரேட்டருக்கும் மெடிக்கல் வைத்தார்கள். மாமா நூற்றொன்பது கிலோ. கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் எடை நூறுக்குள் வர வேண்டும். வராவிட்டால் கேபினில் ஏற முடியாது, ஸ்டோரில் வேலை கொடுப்பார்கள். அதுவரை ஏறலாம், ஆனால் இருபது படிக்கு ஒருமுறை நின்று ஏற வேண்டும்.

அன்று சாயங்காலம் மாமா கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். மெஷினை நிறுத்திவிட்டு வந்து படித்தாள். 

"ஸ்டோர்ல உட்கார்ந்து நட்டு எண்ணச் சொல்றாங்க" என்றார் மாமா. "கீழ நான் ஒரு குண்டு ஆளு. பஸ்ஸுல பக்கத்துல உட்கார யோசிக்கிறாங்க. மேல போயிட்டா நான் ஆபரேட்டர். என் கை அசைஞ்சாதான் இந்த சைட்டே அசையும். அதையும் புடுங்கிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி சமையலறைக்குப் போய்விட்டேன். நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. கவலையாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு முடிவோடு வந்தார். அவருக்குக் கொஞ்சமாகச் சாப்பிடத் தெரியாது. ஒன்று முழுசாக, இல்லையென்றால் இல்லவே இல்லை. அதனால் அடுப்பில் ஏறினது எதையும் நான்கு மாதத்துக்குத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார். எல்லாம் பச்சையாகத்தான்.

"ஏங்க, எதுக்கு இந்த விபரீதம்?" என்றாள் அக்கா.

"நீ சமைச்சதுன்னா நான் நிறுத்த மாட்டேன். பச்சைக் கேரட்டை யாராவது மூணாவது தடவை கேட்டு வாங்கித் தின்னு பார்த்திருக்கியா?"

அக்கா கம்பெனி டாக்டரிடம் போய்க் கேட்டாள். "முளைகட்டின பயறு, கொட்டை எல்லாம் சேர்த்துக்கங்க. மாசம் ஒரு தடவை ரத்தம் பரிசோதனை பண்ணிக்கங்க. மேல மயங்கி மட்டும் விழ வேண்டாம்" என்றார் அவர். மாமாவுக்கு வேலை நேரத்துக்கு ஒரு டப்பா என்று அக்கா கணக்கு வைத்தாள். அந்த டப்பா நிறையக் காயும் பழமும். அதற்கு மேல் ஒரு துண்டு கூடக் கிடையாது.

"எனக்கும் ஒரு டப்பா போடுக்கா" என்றேன்.

"உனக்கு எதுக்குடி? நீ ஊதினா பறந்துடுவே."

"சும்மாதான். துணைக்கு" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? செய்த காரியத்துக்கு நானே எனக்குப் போட்டுக்கொண்ட தண்டனை அது.

முதல் மாதம் அவர் ஐந்து கிலோ குறைந்தார். ஆனால் அந்த ஒரு மாதம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! கண்ணாடிக் கேபினில் பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும். இலையெல்லாம் துவண்டு போகும், தக்காளி கொழகொழவென்று ஆகும். அதை விடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. வெள்ளரிக்காயும் தர்ப்பூசணியும் முழுக்கத் தண்ணீர்தானே. எல்லா ஆபரேட்டரும் மேலே ஒரு காலி பாட்டில் வைத்திருப்பார்கள், எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாமாவுக்கு ஒரு பாட்டில் போதவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை இறங்கி ஏறினார். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் கிரேன் நிற்கும்.

"இது கிரேனா, லிஃப்டா? காலையிலேர்ந்து ஆள்தான் ஏறி இறங்கறாரு, சாமான் ஒண்ணும் ஏறலியே!" என்று சைட் எஞ்சினியர் கத்தினார். அவர் கத்தியதிலும் நியாயம் இருந்தது.

அதனால் மாமா மேலே சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். பகல் முழுக்கப் பட்டினி. ஒருநாள் வாக்கி டாக்கியில் ஒரு சத்தம் கேட்டது.

"மாமா, அது என்ன சத்தம்?"

"கேரட்."

"கேரட்டுக்கு அந்தச் சத்தம் வராது மாமா."

நொறுக்குகிற சத்தம் நின்றது. பிறகு, "பிஸ்கட்டு" என்றார்.

"எத்தனை?"

"மூணு பாக்கெட்டு. விசிலு, உங்க அக்காகிட்ட சொல்லிடாதே. என்னால முடியலடி. பசி கண்ணை மறைக்குது."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது. அக்காவிடம் சொல்லத்தான் செய்தேன். அவள் கத்துவாள் என்று பார்த்தால், தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். திரைச்சீலை தைக்கக் கொடுத்த ஒரு அம்மா வீட்டில், காய்கனி உலர்த்துகிற மெஷின் ஒன்று பரணில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆசையாக வாங்கி, இரண்டு தடவை போட்டுவிட்டு, மேலே ஏற்றிவிட்டார்களாம். அக்கா கேட்டதும், "எடுத்துட்டுப் போங்க, இடமாவது காலியாகும்" என்று கொடுத்துவிட்டார்கள்.

அதன் பெயர் டீஹைட்ரேட்டர். எங்கள் வீட்டில் அது காத்துப் பெட்டி. கறுப்பாக, மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி ஒரு பெட்டி. உள்ளே வலை போட்ட ஒன்பது தட்டு. பின்னால் ஒரு ஃபேன். பழத்தை மெலிசாக வெட்டிப் பரப்பி வைத்துவிட்டால் இளஞ்சூடான காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பதினாலு மணி நேரத்தில் தண்ணீரெல்லாம் போய்விடும்.

மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சூடு பட்டா அது சமையல்தானே? என் சத்தியம் என்ன ஆகறது?"

பெட்டியோடு வந்த புத்தகத்தை நான் படித்தேன். நாற்பத்திரண்டு டிகிரிக்குள் இருந்தால் பச்சை உணவுக்காரர்கள் அதைப் பச்சை என்றே ஒத்துக்கொள்வார்களாம். மாமா முள்ளை நாற்பதில் வைத்து, தன் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"அட, கேபினுக்குள்ள அடிக்கிற சூடு இதை விட ஜாஸ்தி. நான் என்ன வெந்தா போயிட்டேன்?"

"பாதி வெந்துட்டீங்க" என்றாள் அக்கா.

அந்தப் பெட்டி வந்த பிறகு எங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது. அக்கா தையல்காரி அல்லவா, அளவு பிசகாது. ஸ்கேலை வைத்து அளந்த மாதிரி வாழைப்பழத்தை வெட்டுவாள். ஆப்பிள், தக்காளி, காளான், முளைகட்டின பயறை அரைத்துப் பரப்பிய தகடு என்று என்னென்னவோ செய்தாள். தக்காளித் துண்டு ஒன்றை வாயில் போட்டால் பத்து தக்காளி சாப்பிட்ட மாதிரி நாக்கு சிலிர்க்கும். டப்பா மேலே போனால் வெயிலில் கெடாது, துவளாது. பாட்டில் பிரச்சினையும் தீர்ந்தது. "விசிலு, இது தேன்டி, தேன்! இதைத் தின்னுக்கிட்டு நாலு மாசம் என்ன, நாலு வருஷம் இருப்பேன்" என்று மேலேயிருந்து கூவுவார். பிஸ்கட் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து எடை பார்த்தால் நூற்றுமூன்று. அதற்கடுத்த வாரமும் நூற்றுமூன்று. பிறகு நூற்றுநான்கு. ஆறாவது வாரம் நூற்றைந்து!

அக்கா இன்ச் டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினாள். பார்த்தாள். மறுபடி சுற்றினாள். "டேப் நைஞ்சு போச்சு போல" என்றாள். இருபது வருஷமாக ஊருக்கே அளவெடுக்கிறவள் டேப்பைக் குறை சொன்னது அன்றுதான்.

"நீங்க மறைச்சு ஏதாவது திங்கறீங்களா?" என்று கேட்டேன்.

"உன் அக்கா தலைமேல சத்தியமா இல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. "டப்பாவுல இருக்கறது மட்டுந்தான். ஒரு துண்டு ஜாஸ்தி கிடையாது. என் உடம்பு அவ்வளவுதான் போல. விடு. ஸ்டோர்லயும் மனுஷங்கதானே இருக்காங்க."

அவர் விட்டுவிட்ட மாதிரி பேசியது எனக்குத் தாங்கவில்லை. பிஸ்கட் தின்றிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். சொன்னபடி நடந்து, வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, அதற்குப் பிறகும் ஒருவர் தோற்றால் என்ன நியாயம்? அவரை அந்தத் தராசில் ஏற்றியதே நான்தான். இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அந்த வாரம் சைட்டில் ஒரு கூத்து நடந்தது. கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கிற பலகைகளை நாற்பது நாற்பதாகக் கட்டி ஒவ்வொரு மாடியாக ஏற்றுவோம். கொக்கியில் எவ்வளவு எடை தொங்குகிறது என்று கேபினில் ஒரு மீட்டர் காட்டும். மழை நாளில் அந்தக் கட்டைத் தூக்கியபோது தொள்ளாயிரம் கிலோ இருந்தது. அன்று தூக்கினால் அறுநூற்றைம்பது.

"விசிலு, கட்டுல பலகை குறையுது" என்றார் மாமா.

ஸ்டோர்காரர் பதறிப்போய் ஓடி வந்தார். "அடப்பாவிகளா, யாரோ அடிச்சுட்டுப் போயிட்டாங்க! இறக்கு, இறக்கு, எண்ணணும்!"

இறக்கினோம். நானே எண்ணினேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. மூன்று வாரமாக அடித்த வெயிலில் பலகை காய்ந்து போயிருந்தது, அவ்வளவுதான். தண்ணீர்தான் போயிருக்கிறது, பலகை அப்படியே இருக்கிறது.

ஸ்டோர்காரர் அசடு வழிந்துகொண்டு போய்விட்டார். நான் மட்டும் அந்தக் கட்டின் மேல் கையை வைத்தபடி நின்றேன். தண்ணீர் போயிருக்கிறது, பலகை அப்படியே இருக்கிறது. எனக்குச் சுரீரென்று உறைத்தது.

"மாமா! உங்க டப்பாவுல எத்தனை வாழைப்பழம் இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? துண்டு துண்டா இருக்கு."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனேன். அக்கா அப்போதுதான் மூன்று நாளைக்கான பழத்தை வெட்டித் தட்டுகளில் பரப்பி முடித்திருந்தாள். நான் குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தோலை எண்ண ஆரம்பித்தேன்.

"அடியே, பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு?"

"இருக்கா. முப்பத்தி நாலு, முப்பத்தி அஞ்சு, முப்பத்தி ஆறு. இது மூணு நாளைக்கா?"

"ஆமா. உனக்குக் கொஞ்சம், மத்ததெல்லாம் அவருக்கு. வெட்டறப்போ மலை மாதிரி இருக்கு, காய்ஞ்சா டப்பாவே நிறைய மாட்டேங்குது. பாதியை அந்தப் பெட்டியே தின்னுடுது."

"பெட்டி திங்கலக்கா. மாமாதான் தின்னாரு. ஒரு நாளைக்குப் பதினோரு வாழைப்பழம்!"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். பச்சையாக வைத்தபோது அந்த டப்பாவில் இரண்டு வாழைப்பழம், ஒரு ஆப்பிள், கொஞ்சம் கேரட் பிடிக்கும். உலர்த்திய பிறகும் அதே டப்பாவை அதே மாதிரி நிறைத்திருக்கிறோம். வாழைப்பழம் பதினொன்று, ஆப்பிள் ஐந்து, அதற்கு மேல் ஊறவைத்து உலர்த்திய பாதாம் ஒரு கைப்பிடி. ஒரு டப்பாதானே, ஒரு டப்பாதானே என்று மூன்று பேரும் ஆறு வாரமாக ஏமாந்திருக்கிறோம்.

அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "எந்தத் துணியா இருந்தாலும் தண்ணியில நனைச்சு, சுருங்க விட்டுத்தானே நான் வெட்டுவேன். இது சுருங்கும்னு தெரிய வேண்டாமா எனக்கு? துணிக்கு சுருங்கின பிறகு அளவு. பழத்துக்கு சுருங்கறதுக்கு முன்னாடி அளவு. இவ்வளவுதானே விஷயம்!"

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமா சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அப்பாடா! என் உடம்புல கோளாறு இல்ல. கணக்குலதான் கோளாறு. அப்பாடா!"

மறுநாளிலிருந்து அக்கா பச்சையாக ஒரு டப்பாவை நிறைப்பாள். அதை அப்படியே ஒரு தட்டில் பரப்புவாள். அந்தத் தட்டில் காய்ந்து வருவது எவ்வளவோ அதுதான் அன்றைக்கு. வாழைப்பழத்தைக் குறைத்து, தக்காளியையும் காளானையும் ஏற்றினாள். முதல் நாள் பத்து மணிக்கு வாக்கி டாக்கி அலறியது.

"விசிலு, டப்பாவைக் காலியா அனுப்பிட்டா உங்க அக்கா!"

"காலி இல்ல மாமா. மூலையில பாருங்க."

"இதையா? இதை வாயில போட்டா பல்லு இடுக்குலயே காணாமப் போயிடுமே!"

பசிக்குத்தான் செய்தது, எனக்கே பசித்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது, அவருக்கா எனக்கா என்று இன்னும் சண்டை இருக்கிறது. ஒரு லோடுக்கு ஒரு துண்டு. கொக்கியில் மாட்டிய சாமான் மேலே போய் இறங்கி, நான் "ஓகே, விட்டாச்சு" என்று சொன்னதும் ஆளுக்கு ஒரு துண்டு. வேலை நேரத்துக்கு முப்பது, முப்பத்தைந்து லோடு வரும். டப்பாவிலும் அவ்வளவு துண்டுதான் இருக்கும். கம்பி ஏறினால் தக்காளி, செங்கல் ஏறினால் காளான். ஒரு துண்டை அடுத்த லோடு வரும் வரைக்கும் மென்றுகொண்டே இருப்பார். அந்த ஐந்து வாரத்தில் எங்கள் கிரேன் எந்த நாளும் இல்லாத வேகத்தில் ஓடியது. எஞ்சினியருக்கு ஒரே ஆச்சரியம். "என்னய்யா, மேல்மாடி இப்படிப் பறக்கிறாரு?" என்று கேட்டார். பசி என்று நான் சொல்லவில்லை.

நூற்றுமூன்று, நூற்றிரண்டு, நூற்றொன்று. அக்கா அவருடைய பேன்ட்டை மூன்று தடவை பிடித்துத் தைத்தாள்.

மெடிக்கல் அன்று நானும் அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கைக்குட்டையை முறுக்கி முறுக்கிக் கயிறாகவே ஆக்கிவிட்டாள்.  கதவு திறந்து மாமா வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"தொண்ணூத்தி ஒம்பதே முக்கால்" என்றார்.

"பாவி மனுஷா! அதுக்கா மூஞ்சியை அப்படி வச்சிருந்தீங்க?" என்று அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே அழுதாள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை மாமா ஏணியில் ஏறினார். இருபது படிக்கு ஒரு தடவை நின்றார், ஆனால் சேஃப்டி ஆபீசர் சொன்னதற்காகத்தான் நின்றார். அவர் கேபின் கதவைச் சாத்துவது தெரிந்தது. நான் வழக்கம்போல வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனேன், 'இருங்க மாமா, அவசரமில்ல' என்று சொல்ல.

"ரெடி" என்றார் மாமா.

அவ்வளவுதான். மூச்சு வாங்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, ஏறியதும் பேச்சு வந்தது.  என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"மாமா, ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. சேஃப்டி ஆபீசர்கிட்ட உங்களைப் பத்திச் சொன்னது நான்தான்."

 "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"உன் வாக்கி டாக்கி பட்டன் மாட்டிக்கிட்டு இருந்துச்சு. நீ பேசினது பூரா கேட்டேன். நான் மட்டுமா? எல்லாருக்கும் ஒரே சேனல்தானே, கான்கிரீட்காரங்க, ஸ்டோர்காரர், எஞ்சினியர், எல்லாரும் கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே உங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன். லெட்டர் கைக்கு வந்ததும் ரெண்டு நாள் உன்மேல கோபமாத்தான் இருந்தேன். மூணாம் நாள் ஏணியில பாதியில நின்னு கீழ பார்த்தேன். ஹெல்மெட் கீழ விழுந்தது கூடத் தெரியாம அண்ணாந்து என்னையே பார்த்துக்கிட்டு நின்னே. கோபம் போயிடுச்சு."

எனக்கு வந்ததே கோபம்! சைட்டுக்கே தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. "அப்புறம் ஏன் மாமா சொல்லல? நாலு மாசம்! நாலு மாசமா நானும் பச்சைக் கேரட்டைக் கடிச்சேனே! என் தப்புக்குத் தண்டனைன்னு நினைச்சுத் தின்னேனே!"

"அதனாலதான் சொல்லல" என்றார். குரல் தழுதழுத்தது, ஏணி ஏறியதால் இல்லை. "சொல்லியிருந்தா நீ அன்னைக்கே நிறுத்தியிருப்பே. தனியா என்னால முடிஞ்சிருக்காது, விசிலு."

நான் பட்டனை அமுக்கி, "போங்க மாமா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். கான்கிரீட்காரர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குனிந்து பார்த்தால், பாழாய்ப் போன பட்டன் மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, முதல் கட்டுப் பலகையைக் கொக்கியில் மாட்டினேன்.